இருநூற்றுத் தொண்ணூற்றாறு

அவளுடைய அப்பா கணக்கில் புலி. அதுதான் வினையாகப் போனது.

பரீட்சை எழுதிய அன்று மத்தியானம் அவள் தேர்வு மையத்தின் படியிறங்கி வந்தபோது, அப்பா எதிர்ப்பக்க நடைபாதையில் ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்திருந்தார். மேற்படிப்புக்குப் போகிறவர்கள் எழுதும் பரீட்சை அது. கம்ப்யூட்டரில் எழுதி முடித்த கையோடு மதிப்பெண்ணையும் காட்டிவிடும். ஆறப்போட்டு அழுவதற்குக்கூட நேரம் தராது.

"எவ்வளவு வந்துச்சு?" என்றார் அப்பா.

"இருநூத்தித் தொண்ணூத்தாறு."

"எத்தனைக்கு?"

"முந்நூத்தி நாப்பதுக்கு."

ஹெல்மெட்டின் வார் மாட்டி முடிவதற்குள் அவர் கணக்கைப் போட்டுவிட்டார். "எண்பத்தேழு பர்சென்ட்! இதுக்கா கண்ணுல தண்ணி வச்சுக்கிட்டு நிக்கறே?" என்று அவள் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். ஆனந்தக் கண்ணீர் என்று அவரே முடிவு செய்துகொண்டார்.

கணக்கில் ஒரு பிழையும் இல்லை. இருநூற்றுத் தொண்ணூற்றாறை முந்நூற்று நாற்பதால் வகுத்தால் எண்பத்தேழுதான் வரும். ஆனால் அந்தப் பரீட்சையை நடத்துகிற மகராசர்கள் மதிப்பெண்ணைப் பூஜ்யத்திலிருந்து எண்ணுவதில்லை. ஒரு கேள்விக்குக்கூடச் சரியாகப் பதில் சொல்லாமல், மூக்கைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்துவிட்டு வந்தாலும் இருநூற்று அறுபது கொடுத்துத்தான் அனுப்புவார்கள். ஆக, அவள் சொந்தமாகச் சம்பாதித்தது எண்பதுக்கு முப்பத்தாறு. அவள் சேர நினைத்த பல்கலைக்கழகத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டுக்குக் கீழே இருக்கிற விண்ணப்பத்தைப் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

வீட்டுக்குப் போய் நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாள். வழியில் அப்பா மூன்று இடத்தில் வண்டியை நிறுத்தினார். மூன்று இடத்திலும் எண்பத்தேழு இறங்கியது. வீட்டு வாசலுக்கு வந்தபோது அவளுக்கு முன்னால் செய்தி வந்து உட்கார்ந்திருந்தது. அம்மா அவளைக் கட்டிக்கொண்டு, "எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும்" என்றாள். அந்த நேரத்தில் எந்த மகள் வாயைத் திறப்பாள்? நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டாள். நாளை என்பது அடுத்த நாளாகி, அடுத்த வாரமாகி, ஏழு வாரம் ஓடிவிட்டது.

அப்பா பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். வாய் சும்மா இருக்காத மனிதர். பஸ்ஸில் ஏறுகிற பிள்ளைகளுக்குச் சொன்னார், பிள்ளைகளை ஏற்றிவிட வரும் தாய்மார்களுக்குச் சொன்னார், தலைமையாசிரியருக்குச் சொன்னார். சொல்ல ஆள் கிடைக்காத நாளில் பெட்ரோல் போடுகிறவரிடம் சொன்னார். அவள் தெருவில் இறங்கினால் போதும், "எப்போம்மா கிளம்பறே?" என்று யாராவது கேட்பார்கள். அவளும் சிரித்துக்கொண்டே, "கூடிய சீக்கிரம்" என்பாள். அப்படிச் சிரித்துச் சிரித்துத் தாடை வலித்ததே தவிர ஒரு பிரயோஜனமும் இல்லை.

அவள் வேலை பார்ப்பது ஒரு கண்ணாடிக் கடையில். கண்ணைச் சோதித்துப் பவர் எழுதிக் கொடுக்கிற வேலை. கடை முதலாளி நல்லவர். நல்லவர்களால் வரும் தொல்லைக்கு மருந்தே கிடையாது. செய்தி காதில் விழுந்ததும் அவள் படத்தைப் பெரிதாக்கி, "எங்கள் பரிசோதகருக்கு வாழ்த்துகள்" என்று எழுதிக் கடையின் முகப்புக் கண்ணாடியில் ஒட்டிவிட்டார். அதோடு நின்றாரா? "நீ போயிட்டா நான் திண்டாடக் கூடாது பாரு" என்று, அவள் இடத்துக்கு ஒரு பெண்ணைப் பேசி, அடுத்த மாதம் ஒன்றாம் தேதி வேலைக்கு வரச் சொல்லிவிட்டார். கிடைக்காத இடத்துக்குப் போவதற்காக, இருக்கிற இடமும் போகப் போகிறது. காலையில் கடைக்குள் நுழையும்போதெல்லாம் தன் படத்தைத் தாண்டித்தான் அவள் நுழைய வேண்டியிருந்தது. பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்த அந்த மூஞ்சியைப் பார்த்தால் அவளுக்கே பற்றிக்கொண்டு வந்தது.

வீட்டில் அம்மா செய்ததுதான் உச்சம். பாஸ் ஆன பிறகு புத்தகம் எதற்கு, இடத்தை அடைத்துக்கொண்டு, என்று பரீட்சைப் புத்தகங்களை எல்லாம் மூட்டையாகக் கட்டி மாடி வீட்டுப் பெண்ணுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். அந்தப் பெண்ணும் அதே பரீட்சைக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். தன் புத்தகத்தைத் தானே பார்ப்பதற்கு அவளுக்கு இருந்தது ஒரே வழி. பாடம் சொல்லிக் கொடுக்கிற சாக்கில் சாயங்காலம் மாடிக்குப் போய், அந்தப் பெண் பக்கத்தைப் புரட்டும்போது எட்டிப் பார்த்துக்கொள்வது. "அக்கா, இருநூத்தித் தொண்ணூத்தாறு எடுக்க நான் என்ன பண்ணணும்?" என்று அது அப்பாவியாகக் கேட்டபோது, கண்ணில் நீர் வர இருமி வைத்தாள்.

என்ன பண்ணக் கூடாது என்று கேட்டிருந்தால் சொல்லியிருக்கலாம். அவளிடம் இருந்தது நாலே நாலு மாதிரித் தேர்வு. அந்த நாலையும் மாற்றி மாற்றி ஏழு தடவை எழுதினாள். ஒவ்வொரு தடவையும் மதிப்பெண் ஏறியது, முந்நூற்று இருபது வரைக்கும். ஏறியது அறிவு என்று நினைத்தாள். நாலு தேர்வின் விடைகளும் மனப்பாடமாகியிருந்தன, அவ்வளவுதான். நிஜப் பரீட்சையில் வந்து நின்றவை எல்லாம் புதுக் கேள்விகள்.

மறுபடி எழுதுவது என்று அவள் எப்போதோ முடிவு செய்துவிட்டாள். இந்த மாதம் இருபத்தெட்டாம் தேதி எழுதினால்தான் விண்ணப்பத்தோடு மதிப்பெண் போய்ச் சேரும். அதை விட்டால் அடுத்த வருஷம். அடுத்த வருஷம் வரைக்கும் இந்தச் சிரிப்பைத் தூக்கிச் சுமக்க அவளால் ஆகாது. அதற்குள் வேலையும் இருக்காது. அந்தத் தேதிக்குப் பதிவு செய்ய ஆறாம் தேதி மாலை ஆறு மணி கடைசி.

பதிவு செய்வதில்தான் முடிச்சு. முதல் தடவை பரீட்சை இணையதளத்தில் கணக்குத் தொடங்கியபோது அவளுடைய போன் ரிப்பேருக்குப் போயிருந்தது. அப்பாவின் நம்பரைக் கொடுத்துத் தொலைத்தாள். இப்போது எதை அழுத்தினாலும் ஆறு இலக்க ரகசிய எண் அப்பாவின் போனுக்குத்தான் போகும். நம்பரை மாற்றலாம் என்றால், மாற்றுவதற்கும் அதே போனுக்குத்தான் எண் வரும். அந்தப் போனோ அவருடைய சட்டைப் பையை விட்டு இறங்காது. குளிக்கப் போனால்கூட சோப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கும்.

ஐந்தாம் தேதிவரை மண்டையை உடைத்துக்கொண்டு அவள் கண்டுபிடித்த வழி இது. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர்கள் வருஷத்துக்கு ஒரு முறை கண் சோதனைச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். போன வருஷம்வரை முதலாளிதான் அப்பாவைச் சோதித்துக் கையெழுத்துப் போட்டார். இந்த வருஷம், "என் பொண்ணுதான் போடணும்" என்று அப்பா தானாகவே சொல்லிக்கொண்டிருந்தார். சோதனை அறையில் போனை வெளிச்சம் வராமல் தட்டில் கவிழ்த்து வைத்துவிட வேண்டும் என்பது கடையின் சட்டம். கண்ணில் சொட்டு மருந்து விட்டால் இருபது நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். மருந்து இந்தச் சான்றிதழுக்குத் தேவையில்லைதான். அது அப்பாவுக்குத் தெரியவா போகிறது? பெற்ற தகப்பனின் கண்ணில் மருந்தை விட்டுப் போனைத் திருடுகிற நிலைமைக்கு வந்துவிட்டோமே என்று அவளுக்கு அவமானமாகத்தான் இருந்தது. வேறு வழி தெரியவில்லை.

ஆறாம் தேதி பஸ்ஸை விட்டுவிட்டு நாலேமுக்காலுக்கு அப்பா வந்தார். கூடவே ஹாரனும். அப்பாவோடு வேலை செய்கிற இன்னொரு டிரைவர் அவர். சாலையில் பூனை குறுக்கே போனாலும் அரை நிமிஷம் ஹாரன் அடிப்பாராம், அதனால் அந்தப் பட்டப்பெயர். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. அவருக்கும் சான்றிதழ் வேண்டும். வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

"முதல்ல அவன் போகட்டும். எனக்கு அவசரம் இல்ல," என்றார் அப்பா.

"நீங்க வாங்கப்பா. மாமாவை அப்புறம் பார்க்கறேன்."

அறை நீளமாக, ஜன்னல் இல்லாமல் இருக்கும். ஒரு கோடியில் நாற்காலி, மறுகோடியில் எழுத்து தெரிகிற திரை. நாற்காலிக்குப் பக்கத்தில் மேசையும், விவரம் பதிகிற கம்ப்யூட்டரும். அப்பா போனைத் தட்டில் வைத்தார். அவள் அவருடைய இடது கண்ணை மறைக்கக் கறுப்புக் கரண்டியைக் கையில் கொடுத்தாள்.

"கடைசி வரி படிங்கப்பா."

"எச், கே, டி, வி, ஓ, என்."

மூச்சு விடாமல் படித்தார். கடைசி வரியை யாரும் அப்படிப் படிப்பதில்லை. நல்ல கண்ணாக இருந்தாலும் ஒரு நொடி தயங்குவார்கள், டியா ஓவா என்று இழுப்பார்கள். அவளுக்கு ஏதோ உறுத்தியது. பழக்க தோஷத்தில் கையிலிருந்த ரிமோட்டை அழுத்தித் திரையை மாற்றினாள்.

"இப்போ வலது கண்ணை மூடிக்கிட்டுப் படிங்க."

"எச், கே, டி, வி, ஓ, என்," என்றார் அப்பா.

திரையில் எழுத்தே இல்லை. ஏழு, நாலு, ஒன்பது, இரண்டு, ஆறு, மூன்று என்று எண்கள் இருந்தன.

அவள் ரிமோட்டைப் பிடித்தபடி நின்றாள். நாலு வருஷமாக, அவளை அழைத்துப் போக வரும் சாயங்காலங்களில் எல்லாம், அப்பா அந்த பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பார். கதவு திறந்து கிடக்கும். உள்ளே யாராவது கடைசி வரியை எழுத்து எழுத்தாகப் படித்துக்கொண்டிருப்பார்கள். கேட்டுக் கேட்டுப் படித்திருக்கிறார் மனிதர். அவளுக்குக் கோபம் வரவில்லை. வெட்கமாக இருந்தது. அது அவருக்காகவா, தனக்காகவா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

"சரியாப் படிச்சேனா?"

"தாடையை இதுல வைங்கப்பா," என்று மட்டும் சொன்னாள்.

மெஷினின் மெல்லிய வெளிச்சத்தில் பார்த்தாள். வலது கண்ணின் பாவைக்குள் கலங்கிய கஞ்சித்தண்ணீர் மாதிரி ஒரு வெளுப்பு. இடது கண்ணில் இன்னும் கெட்டியாக. புரை. ஒரு வருஷத்துக் குறை இல்லை இது. இந்தக் கண்ணை வைத்துக்கொண்டா காலையும் மாலையும் பஸ் ஓட்டினார்? இந்தக் கண்ணை நம்பியா ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போனோம்?

சொல்லியிருக்கலாம். அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் சுவரில் மணி ஐந்து இருபது. அவள் இரண்டு கண்ணிலும் மருந்தை விட்டு, "இருபது நிமிஷம் திறக்கக் கூடாது" என்றாள். அப்பா சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை மாதிரிக் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு சாய்ந்தார்.

கம்ப்யூட்டரில் பதிவுப் பக்கத்தைத் திறந்தாள். தேதி, இடம், காலை ஒன்பது மணி. சம்மதம் என்ற பெட்டியைத் தட்டினாள். தட்டில் கிடந்த போனை எடுத்து உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டாள், சத்தம் வெளியே வராமல் இருக்க. வந்துவிட்டது. டொக் என்று ஒரே ஒரு சத்தம்.

"பரீட்சை நம்பரா?" என்றார் அப்பா, கண்ணைத் திறக்காமல்.

அவள் போனை இன்னும் இறுக்கிப் பொத்தினாள்.

"பாரும்மா. கொஞ்ச நேரந்தான் இருக்கும், அப்புறம் செல்லாதாமே."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"முன்னாடி ஒரு மெசேஜ் வந்துச்சு. எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு, நான் எங்கே படிக்கறது? ஹாரன்தான் படிச்சுக் காட்டினான். எழுதின நூறு பேர்ல நீ முப்பத்திரண்டு பேருக்கு மேலே இருக்கேன்னு போட்டிருந்துச்சு. அப்போ அறுபத்தெட்டுப் பேர் நமக்கு முன்னாடியாடான்னு கேட்டேன். அப்படித்தான் தெரியுதுன்னான். மறுபடி எழுதறதுன்னா இன்ன தேதிக்குள்ள பதியணும்னும் இருந்துச்சு."

"எப்போ வந்துச்சு?"

"நீ எழுதினதுக்கு அடுத்த வாரம்."

அடுத்த வாரம். தலைமையாசிரியர் வாழ்த்தியது அதற்குப் பிறகு. முகப்பில் படம் ஏறியது அதற்குப் பிறகு. புத்தகம் மாடிக்குப் போனது அதற்குப் பிறகு. அவளுக்கு ஆத்திரம் தலைக்கேறியது.

"தெரிஞ்சும் ஏன்பா ஊர் பூரா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சீங்க?"

"சொல்றதைத் திடீர்னு நிறுத்தினா என்னாச்சுன்னு கேக்க மாட்டாங்களா? நீயும் கேக்கறவங்ககிட்ட எல்லாம் சிரிச்சுக்கிட்டே தலையாட்டினே. சரி, வெளியே தெரியறது உனக்குப் பிடிக்கலை போலன்னு நினைச்சேன். நான் போய் உன்னைக் காட்டிக் கொடுக்கறதா?"

"நான் உங்களுக்காகத்தான் சும்மா இருந்தேன்."

மூடிய இமைக்கு அடியிலிருந்து மருந்து வழிந்தது. மருந்துதான் என்று அவள் எடுத்துக்கொண்டாள். ஒருவரை ஒருவர் காப்பாற்றுகிறோம் என்று ஆறு வாரத்தைக் கூட்டாகக் கொன்றிருக்கிறார்கள். யாராவது ஒருத்தர் வாயைத் திறந்திருந்தால் அந்த ஆறு வாரமும் அவள் கையில் இருந்திருக்கும். இப்போது மிச்சம் இருப்பது மூன்று.

போனிலிருந்த எண்ணைப் பார்த்துப் பார்த்து அடித்தாள். பதிவு ஆகிவிட்டது என்று பச்சை நிறத்தில் வந்தது. சந்தோஷம் வரவில்லை. போனைத் தட்டில் வைத்துவிட்டு, அவர் பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அப்பா. நீங்க ரெண்டாவது தடவை படிச்சப்போ திரையில எழுத்து இல்ல. எண் இருந்துச்சு."

"மாத்திட்டியா?" என்றார் மெதுவாக.

"மாத்திட்டேன்."

"இந்த ஒரு வருஷம் போட்டுக் கொடுத்துடும்மா. நீ கிளம்பற வரைக்கும் வண்டி ஓடணும்ல. எனக்கு அந்த ரூட் தலைகீழாத் தெரியும். எந்த இடத்துல பள்ளம், எந்த இடத்துல திருப்பம், கண்ணை மூடிக்கிட்டுச் சொல்வேன்."

"அதே ரூட்டுல புதுசா ஒரு ஆள் குறுக்கே வந்தா?"

அப்பா நாற்காலியின் கைப்பிடியைத் தடவிப் பிடித்துக்கொண்டார்.

"எத்தனை பிள்ளைங்கப்பா ஏறுது?"

"நாப்பத்திரண்டு," என்றார். சொல்லிவிட்டுத் தன் வாயில் வந்த எண்ணைத் தானே கேட்டவர் போல உதட்டைக் கடித்துக்கொண்டார்.

அவர் வேலை நின்றால், ஒன்றாம் தேதிக்குப் பிறகு வீட்டில் அம்மா ஒருத்திதான் வேலைக்குப் போகிறவள். அதற்குள் முதலாளியிடம் போய், சார், நான் எங்கேயும் போகவில்லை என்று சொல்ல வேண்டும். படிக்க வேண்டும். அறுவை சிகிச்சைக்கு அலைய வேண்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர் வந்து இடித்தது. கையெழுத்து ஒன்றைப் போட்டால் இத்தனையும் இல்லை. படிவம் மேசைமேல்தான் கிடந்தது. பேனா பையில் இருந்தது. அவள் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி, மறுபடி மூடினாள். மறுபடி கழற்றினாள்.

"உள்ளதை எழுதும்மா," என்றார் அப்பா.

எழுதினாள்.

"என்ன எழுதினே? படி."

"இரண்டு கண்களிலும் புரை. வாகனம் ஓட்டத் தகுதியில்லை. அறுவை சிகிச்சைக்குப் பின் மீண்டும் சோதிக்க வேண்டும்."

"கையெழுத்து?"

"போட்டுட்டேன்பா."

"கதவைத் திற."

திறந்தாள். கடை வெளிச்சம் உள்ளே வந்து விழுந்தது. கவுண்டரில் முதலாளி யாருக்கோ பிரேம் மாட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். பெஞ்சில் ஹாரன் மாமா, இன்னும் இரண்டு பேர். அப்பா நாற்காலியில் சாய்ந்தபடியே, கண்ணை மூடிக்கொண்டே, எண்பத்தேழை ஊருக்குச் சொன்ன அதே குரலில் கூப்பிட்டார்.

"ஏம்ப்பா ஹாரன், இருபத்தெட்டாம் தேதி காலையில உனக்கு வேலை இருக்கா?"

"இல்ல. எதுக்கு?"

"பாப்பாவைப் பரீட்சைக்குக் கொண்டுபோய் விடணும். அவளுக்கு மார்க் பத்தலை, மறுபடி எழுதறா."

முதலாளியின் கை பிரேமோடு அந்தரத்தில் நின்றது. ஹாரன் மாமா அவளைப் பார்த்துவிட்டுப் பார்வையைத் தரைக்குக் கொண்டுபோனார். "அதுக்கென்ன, போயிடலாம்," என்றார் தணிந்த குரலில். "ஆனா எப்பவும் நீதானே கூட்டிட்டுப் போவே?"

"என்னால முடியாது," என்றார் அப்பா. "எனக்குக் கண்ணு தெரியலைப்பா."